சாவி யாரிடம்?

பல்கலைக்கழகத்தில் நாம் பணிபுரியும் துறைக்கு 2025ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு புதிய கணிப்பொறிகள் வந்து சேர்ந்தன. ஆராய்ச்சி பெருகியதால் வாங்கியவை அல்ல அவை. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றன. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டிபிஎம் எனப்படும் பாதுகாப்புச் சில்லின் 2.0 வகையைக் கேட்கிறது. நமது பழைய பொறிகளில் பலவற்றில் அச்சில்லு இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றை மூலையில் ஒதுக்க வேண்டியதாயிற்று. இது நமக்கு உவப்பான செய்கை அன்று. எனினும், திருத்தம் பெறாத பொறியை வலைப்பின்னலில் வைத்திருப்பது கதவில்லாத வீட்டில் உறங்குவதற்கு ஒப்பாகும் என்பதையும் மறுக்க இயலாது.

நம் பெயருக்கு வந்தது மடிமேல் வைத்துப் பயன்படுத்தும் வகை. இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி, நமது கையொப்பம், பொறியின் முதுகில் வெள்ளை மையால் ஓர் எண். சடங்குகள் முடிந்ததும், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அதையும் ஜேடர்பாளையத்துக்கே எடுத்து வந்தோம். அங்கே கொண்டுவரக் காரணம் உண்டு. அதைக் கூறாமல் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

எங்கள் ஊர் காவிரியின் இடக்கரையில் உள்ளது. நாமக்கல் மாவட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் இதனைப் படுகை அணைக்காகவும் அணையோரத்து மீன் வறுவலுக்காகவும் அறிவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் இங்கே ஆற்றில் அணையிட்டு, ராஜ வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பினார் என்பது ஊரறிந்த செய்தி. அவ்வாய்க்காலும் அதனோடு சேர்ந்த வாய்க்கால்களும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் கரும்பையும் வாழையையும் வெற்றிலைக் கொடிக்காலையும் வளர்க்கின்றன. நீரோடு சேர்ந்து ஒரு மொழியும் பாய்ந்தது. மடைக்கு ஒரு பெயர், மடையின் வாய்க்கு ஒரு பெயர், தண்ணீர் முறை மாறும் நேரத்துக்கு ஒரு பெயர், முறை தவறித் தண்ணீர் திருப்புவோனுக்கு அச்சிலேற்ற முடியாத பெயர்கள் சில.

இச்சொற்களைத் திரட்டுவதையே தம் வாழ்வின் வேலையாகக் கொண்டிருந்தார் நமது துறையில் மூத்த பேராசிரியர் ஒருவர். தொண்ணூறுகளில் ஒலிநாடாப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் நடந்தார். எங்கள் ஊருக்கு வந்தால் நம் வீட்டுத் திண்ணையில்தான் பகலுணவு. பிற்காலத்தில் நாடாவை விட்டுவிட்டு நேராகக் கணிப்பொறியிலேயே பதிவு செய்தார். ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகள் அவருடைய அலுவலகப் பொறியில் சேர்ந்திருந்தன. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையில், பத்தே நாளில் அவர் நம்மை விட்டுப் பிரிந்தார்.

பூட்டிக் கிடந்த அறையைச் சில மாதங்கள் கழித்துத் திறந்தபோது அவருடைய கணிப்பொறி உயிர் பெறவில்லை. பழுது பார்க்க வந்தவர், உள்ளிருந்த வட்டைக் கழற்றி வேறொரு பொறியில் பொருத்தினார். வட்டு நலமாகவே இருந்தது. ஆனால் நீலத்திரை ஒன்று எழுந்து, 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைத் தருக என்றது. அலுவலக ஆணையின்படி எல்லாப் பொறிகளின் வட்டுகளும் முன்பே மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. பூட்டச் சொன்ன ஆணை இருந்தது. பூட்டியபோது பிறந்த எண்ணை யார் வாங்கி எங்கே வைப்பது என்ற ஆணை இல்லை. பேராசிரியர் எங்கேனும் எழுதி வைத்திருப்பார் என்று அவருடைய நூல்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை.

இத்தகைய பூட்டை உடைத்துத் திறக்க வழியில்லை. வட்டில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் கணக்கொன்றினால் உருமாற்றப்பட்டுவிடுகிறது. சாவியில்லாதவனுக்கு அது வெறும் இரைச்சல். உலகின் கணிப்பொறிகளையெல்லாம் கூட்டி வைத்து ஒவ்வொரு சாவியாகச் சோதித்தாலும் மனித ஆயுளில் முடியாது. திருடனுக்கு எதிராக அதுவே அதன் சிறப்பு. துணைவிக்கும் மாணவர்க்கும் எதிராகவும் அது அதே சிறப்போடு நின்றது. அவ்வட்டு இன்றும் துறை அலமாரியில் இருக்கிறது, ஒரு தாள் உறையில்.

"ஏனுங்க தம்பி, அவரு கொரலும் அதுக்குள்ள இருக்குமுங்களா?" என்று அவருடைய துணைவியார் நம்மைக் கேட்டார். இருந்தது. ஒவ்வொரு பதிவிலும் கேள்வி கேட்பவர் அவர்தாமே! நாம் என்ன சொல்வது? "இருக்குமுங்க அக்கா" என்று மட்டும் சொன்னோம். மறுமுறை சென்றபோது அவர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். உள்ளே முப்பத்தொரு ஒலிநாடாக்கள். பூட்டே இல்லாத காரணத்தால் பிழைத்தவை. நாடாக்களில் பேசியவர்களில் பலர் எங்கள் ஊரையும் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இன்று இல்லை. குரலைக் கேட்டு இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். புதிய கணிப்பொறியின் முதல் வேலை அந்நாடாக்களைப் படியெடுப்பது என்றும், அதை ஜேடர்பாளையத்திலேயே செய்வது என்றும் முடிவு செய்தது இதனால்தான்.

ஆகவே இப்பொறியை ஆயத்தம் செய்ய அமர்ந்தபோது நம் முன் இரண்டு அச்சங்கள் இருந்தன. ஒன்று, பிறர் நுழைந்துவிடுவார்களோ என்பது. மற்றொன்று, நுழைய வேண்டியவர் நுழைய முடியாமற் போய்விடுமோ என்பது. முதலாவதைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது.

பேசக் காரணமும் உண்டு. நெதர்லாந்தில் உள்ள மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத நடுவில் ஒருவர் தமக்கு வந்த மின்னஞ்சலில் இருந்த இணைப்பைத் திறந்தார். அவ்வளவே. அதன் வழியே நுழைந்தோர் இரண்டு மாதங்களுக்கு மேல் ஓசையின்றி உள்ளே உலவினர். திருத்தம் செய்யப்படாத பொறிகளைத் தேடிப் படிப்படியாக உரிமைகளைப் பெருக்கிக்கொண்டனர். டிசம்பர் 23ஆம் நாள் 267 வழங்கிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டனர். காப்புப்படிகள் சிலவும் அதே வலைப்பின்னலில் இருந்தமையால் அவையும் பூட்டப்பட்டன. மாணவர்களின் தேர்வும் ஆசிரியர்களின் ஆய்வும் நின்றுவிடும் நிலையில், பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அதாவது ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூரோ, கொடுத்துச் சாவியை வாங்கிற்று. நாம் வியப்பது அதற்குப் பின் நடந்ததை. 2020 பிப்ரவரியில் அப்பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் பொதுமன்றத்தில் எடுத்துரைத்தது. மூடி மறைக்கவில்லை. கொடுத்த பணத்தின் ஒரு பகுதியைக் காவல்துறை தடம் பிடித்து முடக்கிற்று. நாணய மதிப்பு இடையில் ஏறிவிட்டபடியால் 2022இல் மீண்டபோது அப்பகுதியே ஏறத்தாழ ஐந்து இலட்சம் யூரோவாக இருந்தது. வறிய மாணவர் உதவிக்கு அதனைப் பயன்படுத்துவதாக அறிவித்தனர். அதே 2022 நவம்பரில் தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணிப்பொறிகள் இவ்வாறே தாக்கப்பட்டுப் பல நாள் நோயாளிகளின் பெயர்களைக் கையால் எழுத நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

எனவே முதல் மாலை முழுவதும் திருத்தங்களை இறக்குவதிலேயே கழிந்தது. தொலைபேசியின் இணைப்பைக் கணிப்பொறிக்குக் கொடுத்துவிட்டு, சமிக்ஞை மாடியில்தான் கிடைக்கிறது என்பதால் மாடிக்கு ஏறினோம். மின்சாரம் இருமுறை நின்றது. கடையில் இலவசமாக ஏற்றிக் கொடுத்திருந்த சோதனைக்கால மென்பொருள்களை நீக்கினோம். முப்பது நாள் இலவசம், அதன்பின் நாள்தோறும் நச்சரிப்பு என்பதே அவற்றின் இயல்பு. இயங்குதளத்தோடு வரும் கிருமித் தடுப்பே நம் போன்றோர்க்குப் போதும்.

பின்னர் இரண்டு கணக்குகளை உருவாக்கினோம். ஒன்று நிருவாகிக்கு, மற்றொன்று அன்றாட எழுத்துப் பணிக்கு. இரண்டும் நாமே, எனினும் அன்றாடக் கணக்கில் அமர்ந்திருக்கும் நமக்குப் புதிய மென்பொருளை நிறுவும் உரிமை கிடையாது. தவறான இணைப்பு ஒன்றைத் தொட நேர்ந்தாலும் உள்ளே நுழைவது நம் எளிய உரிமைகளோடு மட்டுமே நுழையும். வேண்டுமென்றே நம் கையைக் கட்டிக்கொள்ளும் இவ்வேற்பாடு முதல் நாள் எரிச்சலூட்டும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

கடவுச்சொல்லின் கதை சுவையானது. அது பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரின் குழு கடவுச்சொல்லைக் கொண்டுவந்தது. 1962இலேயே ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பைப் பொறியைக்கொண்டே அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். பூட்டும் கள்ளச்சாவியும் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள். நம் மாநிலத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 பொறி வந்த 1973ஆம் ஆண்டிலோ, கணிப்பொறி என்பது ஒரு கூடத்தை நிறைத்து நின்ற பொருள். அக்காலத்தில் கூடத்தின் கதவைப் பூட்டினாலே பெரும்பகுதிக் காவல் முடிந்தது.

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றெல்லாம் அலுவலகங்கள் நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமன்று. அவ்வாறு 2003இல் வழிகாட்டி எழுதிய பில் பர் என்னும் அமெரிக்க அரசுப் பணியாளரே, தாம் கூறியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் தெரிவித்தார். அவ்வாண்டு அவருடைய நிறுவனம் வெளியிட்ட புதிய நெறிகள், நீளமே வலிமை என்றும், கசிந்ததற்குச் சான்று இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்றும் கூறின. நாமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களைக் கோத்து, ஆங்கில எழுத்துகளில் அமைத்துக்கொண்டோம். அவற்றில் ஒன்று பேராசிரியர் திரட்டிய வாய்க்கால் சொல். எந்த அகராதியிலும் இல்லாதது. அதைக் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

தமிழுக்காகச் செய்யவேண்டிய ஆயத்தம் தனி. தமிழ்99 விசைப்பலகையை இயக்கினோம். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில் என்ற அதன் அமைப்புக்கு விரல்கள் பழகிவிட்டால் வேறொன்றில் எழுத மனம் வராது. பழைய பொறியிலிருந்து வந்த கோப்புகளில் பாதி, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அந்தந்த எழுத்துரு இல்லாவிடில் ஆங்கிலக் கிறுக்கல்களாகத் தோன்றும். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை எத்தனை, அவற்றில் படிக்க ஆளின்றிக் கிடப்பவை எத்தனை! யாரும் பூட்டாமலேயே பூட்டிக்கொண்ட ஏடுகள் அவை. நல்வாய்ப்பாக இவற்றுக்கு மாற்றிகள் உள்ளன. இரண்டு நாள் அமர்ந்து மாற்றினோம்.

கோப்புகளைச் சுமந்து வரும் விரலிக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். தேர்வுக் காலத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பும் விரலியில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருப்பதைக் காணாத மாணவர் உண்டோ? நம் பொறியில் எந்த விரலியைச் செருகினாலும் முதலில் கிருமி பார்த்த பின்பே திறப்பது என்று வைத்துள்ளோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை விண்ணப்பம் ஒன்றை அச்சிட விரலியை நீட்டியபோதும் அவ்வாறே செய்தோம். "ஏனுங்க சார், கைய சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ற மாதிரியே இருக்குதுங்களே" என்றான். அதேதான்.

இறுதியாக வட்டைப் பூட்டும் கட்டம் வந்தது. பூட்டாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றவே செய்தது. ஆனால் இப்பொறியில் நாடாக்கள் மட்டுமா இருக்கப்போகின்றன? மாணவர்களின் மதிப்பெண்கள், சாதிச் சான்றுகள், வங்கிக் கணக்கெண்கள், கல்வி உதவி கேட்டு எழுதிய கண்ணீர்க் கடிதங்கள் எல்லாம் இருக்கும். பேருந்தில் பொறி தொலைந்தால் தொலைவது நமது உடைமை அன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியுள்ளது. பூட்டத்தான் வேண்டும். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகளில் பல பொறிகள் நாம் கேளாமலேயே பூட்டிக்கொள்கின்றன. மீட்பு எண், முதலில் நுழைந்தவரின் இணையக் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. அலுவலகப் பொறியைத் தம் சொந்தக் கணக்கால் தொடங்கியவர்கள், அந்த எண் எங்கே போயிருக்கிறது என்று இன்றே பார்ப்பது நலம்.

எண் கிடைத்தது. எட்டுத் தொகுதிகள், தொகுதிக்கு ஆறு இலக்கங்கள். தாளில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். யாரிடம் கொடுப்பது?

இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. நமது திருச்சபைச் சட்டத்தொகுப்பைப் புரட்டினால் இதற்கென்றே விதிகள் உள்ளன. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 487ஆம் விதி, மறைமாவட்ட ஆவணக் காப்பகம் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதன் சாவி ஆயரிடமும் ஆயரகத்தின் சான்சலரிடமும் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. ஒருவரிடம் மட்டும் அன்று; எல்லாரிடமும் அன்று; இருவரிடம். மறைவான ஆவணங்களின் சாவியோ, 490ஆம் விதியின்படி, ஆயர் ஒருவரிடமே. ஆனால் அதே விதி அடுத்த வரியில், ஆயர் இல்லாத காலத்தில் உண்மையான தேவை ஏற்பட்டால் மட்டும் மறைமாவட்ட நிருவாகி அதைத் திறக்கலாம் என்று சேர்த்துச் சொல்கிறது. சாவி வைத்திருப்பவரும் இறப்பார் என்பதை எழுதியவர்கள் மறக்கவில்லை. பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடு முதலியவற்றின் படியை ஆண்டுதோறும் ஆயரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1917ஆம் ஆண்டின் பழைய தொகுப்பும் விதித்திருந்தது. பங்கு இல்லம் தீப்பற்றினாலும் பெயர்கள் தப்பும். காப்புப்படி ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்று கணிப்பொறி வல்லுநர்கள் இன்று பெரிதாகச் சொல்வதும் இதுவே.

படியெடுத்தால் மட்டும் போதாது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் மூன்று கோடிக்கு மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. காக்க வந்ததே கரைத்தது. ஆதலின் நாடாக்களின் படிகளை மூன்றாக வைத்துள்ளோம்: பொறியில் ஒன்று, ஊரில் தகரப் பெட்டியிலுள்ள வெளிவட்டில் ஒன்று, பல்கலைக்கழக நூலகத்தில் ஒன்று. வெளிவட்டு, படியெடுக்கும் நேரம் தவிரப் பொறியோடு இணைந்திருப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை அதிலிருந்து திறந்து கேட்டுப் பார்க்கிறோம்.

மீட்பு எண்ணை இரண்டு தாள்களில் எழுதி, இரண்டு உறைகளிலிட்டு ஒட்டினோம். ஒன்று துறைத்தலைவரின் இரும்பு அலமாரியில். மற்றொன்று நம் வீட்டில், நம் துணைவியாருக்குத் தெரிந்த இடத்தில். பொறி துறையினுடையது ஆதலால் முதல் உறை கடமை. வீட்டில் வைத்ததற்குத் துறைத்தலைவரின் இசைவை எழுத்தில் பெற்றோம். நமது வேண்டுகோளின்பேரில் இருப்புப் பதிவேட்டில் "மீட்பு எண் உறை" என்ற புதிய கட்டம் ஒன்றும் வரையப்பட்டது. ஆறு பொறிகளில் நான்குக்கு அக்கட்டம் நிரம்பியுள்ளது. மற்ற இருவரையும் நச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

நாடாக்களைப் படியெடுப்பதில் விரைவு என்பதே இல்லை. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் ஓடத்தான் வேண்டும். சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 600 மெகாபைட் ஆகும். மாலை வேளைகளில் திண்ணையில் ஒலிபெருக்கியை வைத்து ஓடவிடுகிறோம். போகிற பெரியவர்கள் அமர்ந்து கேட்டு, இது இன்னார் மகன், இது மேட்டுத் தெரு ஆத்தா என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். ஒன்பதாம் நாடாவில் ஒரு மூதாட்டி பேசுகிறார். மதகு பார்க்கும் லஸ்கர் காய்ச்சலில் கிடந்த இரவில் ஆற்றில் வெள்ளம் வந்ததாகவும், ஷட்டரைத் திருகும் கைப்பிடி இருக்குமிடம் அவர் மனைவிக்குத் தெரிந்திருந்ததால் கரை பிழைத்ததாகவும் கூறுகிறார். எந்த ஆண்டு என்று பேராசிரியர் கேட்கிறார். "அதெல்லாம் ஆருக்குத் தெரியும் கண்ணு" என்கிறார் மூதாட்டி.

இதுவரை பத்தொன்பது நாடாக்கள் முடிந்துள்ளன. இரண்டில் பூஞ்சை படர்ந்து ஒலி மங்கிவிட்டது. முடிந்தவற்றை ஒரு விரலியில் ஏற்றி, கடவுச்சொல் ஏதும் இடாமல், பேராசிரியரின் துணைவியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருடைய மகள் தொலைக்காட்சிப் பெட்டியில் அதைச் செருகி ஓடவிட்டாள். மடைக்கும் மதகுக்கும் என்ன வேறுபாடு என்று அவர் யாரையோ கேட்கிறார், இடையில் இருமுகிறார், டம்ளர் ஒன்று தரையில் வைக்கப்படும் ஓசை கேட்கிறது. அம்மையார் அதுவரை கண்ணை மூடியிருந்தார்.

"இது உங்க திண்ணைதானுங்க தம்பி. அந்தச் சில்வர் டம்ளரு இப்பவும் இருக்குதுங்களா?" என்றார்.

இருக்கிறது என்று சொன்னோம்.